மூடி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். நலம் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். கோடு கோணலாகத் தெரிந்தால் அது மேசையின் கோளாறு. அங்கு நீயும் உன் மனைவியும் உன் மருந்துக்கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்னமும் விரும்புகிறேன், போன சனிக்கிழமை போனில் நீ பேசிய பேச்சுக்குப் பிறகும்.

என்ன சொன்னாய்? "குளிர் ஏற ஏற உன் மூட்டுவலியும் ஏறுதுக்கா. மூணாவது மாடியில தனியா கிடந்து அவஸ்தைப்படாதே. ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வரேன், வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடு" என்றாய். முடியவே முடியாது என்றேன். "சரி, நான் அனுப்பின ஜாம் பாட்டிலை உன் கையாலயே திற, பாக்கலாம். திறந்துட்டா அப்புறம் இதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாய். முப்பத்தொரு வருடம் டிரில் டீச்சராக இருந்து, கை நீட்டு, கை மடக்கு என்று விசில் ஊதியே ஒரு பள்ளிக்கூடத்தை ஆட்டி வைத்தவளிடம் ஜாம் பாட்டிலை நீட்டிச் சவால் விடுகிறாய். இதோ, திறந்தாயிற்று. மூடியைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வேன்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

எப்படித் திறந்தாய் என்று நீ கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். திங்கட்கிழமை காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி, விரல் பத்தும் விறைத்துக் கிடந்தன, வழக்கம்போல் விசிலை எடுத்து ஊதினேன், ஆள்காட்டி விரல் உடனே மடங்கியது, மோதிர விரல் மட்டும் பிரேயர் முடிந்த பிறகு வருகிற பிள்ளை மாதிரி மெதுவாக வந்து சேர்ந்தது, சரி என்று உன் கடைத் தைலத்தைத் தேய்த்தேன், விரல் இளகியது, ஆனால் கை வழுக்கியதில் பாட்டில் பிடிபடவில்லை, தைலத்தைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் தண்ணீர் ஐஸ், விரல் மறுபடி விறைத்துவிட்டது, கம்பளிக் கையுறை மாட்டினேன், மூடி சுற்றவில்லை, கையுறைதான் சுற்றியது, வெந்நீரில் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினேன், லேபிள் மட்டும் கழன்று வந்தது, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு திருகினேன், சிவனே என்று கிடந்த வலது முட்டி கத்தியது, கூடவே நானும் கத்தினேன்.

கத்தல் கேட்டுக் கீழேயிருந்து காவலாளி மூன்று மாடி ஏறி ஓடிவந்தார்.

"குடுங்கம்மா, ஒரு நொடியில திறந்து தரேன்."

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி!"

"ஜாம்தானேம்மா?"

"ஜாம் இல்லைங்க. இது என் வீடு!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்க வீடுதாம்மா. நான் இல்லேன்னே சொல்லலையே" என்று முனகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

தம்பி, கோபப்படாமல் கேள். போன குளிருக்கு மூணு வாரம் உன் வீட்டுல இருந்தேனே, உன் மனைவி என்னை ஒரு கதவு திறக்க விட்டாளா? ஒரு டம்ளர் தூக்க விட்டாளா? போர்வைக்குள்ள போட்டு மூடி, நான் கேட்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் கைக்கு வந்துடும். பிரியம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா திரும்பி வந்தப்போ ரெண்டு விரல் மடங்கவே இல்லைடா. அப்போ நான் பயந்துட்டேன். இங்கே வலிக்கத்தான் செய்யுது, வலியோடதான் துணி பிழியறேன், வலியோடதான் பூட்டைத் திறக்கிறேன், ஒவ்வொரு படியையும் திட்டிக்கிட்டே ஏறறேன், அதனாலதான் விரலும் முட்டியும் இன்னும் என் பேச்சைக் கேக்குது. இதைப் போனில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறைக் கதவின் இடுக்கில், கீல் பக்கமாக, மூடியைக் கொடுத்தேன். கதவைத் தோளால் நெருக்கிக்கொண்டு பாட்டிலை ஒரே முறுக்கு. டப்பென்று ஒரு சத்தம். பாட்டில் வேறு, மூடி வேறு. என் கையால்தான், யாருடைய உதவியும் இல்லாமல். ஜாம் ருசி எப்படி என்று மட்டும் கேட்காதே, இந்த வயதில் எனக்குத் தித்திப்பு ஆகாது.

நீயும் உன் மனைவியும் முட்டி நோகாமல் நூறு வயது வரை மாடிப்படி ஏறி இறங்க என் ஆசிகள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வாய் திறக்காமல் இருக்கப் போகிற உனக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஆசி.

இப்படிக்கு,
தன் வீட்டிலேயே இருக்கும்
உன் அக்கா

பின்குறிப்பு: காலுறையை அவிழ்க்கும்போது விரல் பத்திரம். மூடிக்குள்ளே பாட்டிலின் கழுத்து இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நேற்று முழுக்கத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. மிச்சக் கண்ணாடியைக் காவலாளிதான் கூட்டி அள்ளினார். ஞாயிற்றுக்கிழமை நீ வா. வேன் வேண்டாம். வரும்போது இன்னொரு பாட்டில் ஜாம் வாங்கி வா. திறந்தே கொண்டு வா.