ஈசானியத்துக்கு ஏறிய குழாய்

தாட்சாயணியின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏங்க, உங்க ஏசி மழ பெய்யுது."

ஸ்ரீஹரி ஓடிவந்து மனைவியோடு சேர்த்துக் கட்டிலை இழுக்கப் பார்த்தான். கட்டில் அசையவில்லை. எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மணி பத்து. பாகாலாவிலிருந்து மாமனாரும் மாமியாரும் பதினொன்றரைக்கு வந்துவிடுவார்கள். வளைகாப்பு முடிந்து பத்து நாளாகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போவது வழக்கம். நேற்று மாமனார் போனில், "நாளைக்கு வர்றோம் மாப்ள" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

போகாதே என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீ சிட்டி கம்பெனியில் நாற்பது பேருக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுப்பவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. வளைகாப்பு அன்று அவள் யாரிடமோ, "எங்கம்மா ஊட்ல ஏசி கூட கெடையாது, எப்பிடித்தான் இருக்கறதோ" என்று சிரித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மறுநாளே ஏசி வாங்கிவிட்டான்.

மாட்டுகிற நேரத்தில் மாமனார் வேதாச்சலம் போனில் வாஸ்து சொன்னார்.

"தண்ணி ஈசானியத்துலதான் விழணும் மாப்ள. நைருதில ஒரு சொட்டு போவக்கூடாது."

ஏசி மாட்டிய சுவரோ தென்மேற்கு, அதாவது நைருதி. ஏசி மாட்ட வந்த பிட்டர் மறுப்புச் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் வாஸ்து உண்டு. தண்ணீர்க் குழாய் அறைக்குள்ளேயே சுவரில் மேலேறி, ஜன்னலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு ஈசானியமான வடகிழக்கு மூலைக்குப் போனது. தண்ணீருக்கு வாஸ்து தெரியாது. அது தாழ்ந்த பக்கம் வந்தது. தாழ்ந்த பக்கம் கட்டில் இருந்தது.

பிட்டருக்குப் போன் போட்டால், "ரேபு ஒஸ்தானு சார்" என்றார். ரேபு என்றால் தெலுங்கில் நாளை. நான்கு நாளாக ரேபு.

ஸ்ரீஹரி கட்டில்மேல் பக்கெட்டை வைத்தான். டக், டக் என்றது.

"கடியாரம் மாதிரி கீது. தூங்கனாப்லதான்."

சத்தம் வராமலிருக்க உள்ளே துண்டைப் போட்டான். கனத்த பக்கெட் மெத்தையில் சாய்ந்து கவிழ்ந்தது.

குழாயில் அடைப்பு இருக்கும் என்று வெளியே போய், வடகிழக்கு முனையில் வாய் வைத்து முழு மூச்சாக ஊதினான். உள்ளே தாட்சாயணி கூச்சலிட்டாள். ஓடிவந்து பார்த்தான். ஏசி பன்னீர் தெளித்தது போல அறை முழுக்கத் தெளித்திருந்தது.

"நெறுத்திடுங்களேன் அத."

"நெறுத்தனா சூடு தாங்கமாட்டியே."

"அதுக்காகத்தான் இவ்ளோ பாடா?"

"ம்."

"வேற ஒண்ணும் இல்ல?"

அவன் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, "வேற இன்னா?" என்றான்.

"சரி, பண்ணுங்க," என்று அவள் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஏசியைச் சற்றே சாய்த்தால் தண்ணீர் கேட்கும் என்று பின்னால் அட்டையை மடித்துச் செருகினான். தண்ணீர் கேட்டது. இந்தப் பக்கம் சொட்டியதை விட்டு, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி பைல்மேல் ஒழுகியது. ஸ்கேன் படத்தை எடுத்துச் சட்டையில் ஒற்றினான். மூக்கு போல ஏதோ தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஆக்சா பிளேடை எடுத்தான்.

"ஐயோ, நைனா இன்னா சொல்லுவாரு?"

"உங்கப்பா சொல்லட்டும்."

ஸ்டூலில் ஏறி, குழாய் மேலேறத் தொடங்கும் இடத்தில் அறுத்தான். நாலு நாளாக ஏற முடியாமல் நின்ற தண்ணீர் மொத்தமும் அவன் தலையில் இறங்கி, சுவர் வழியே தென்மேற்கு மூலைக்கு ஓடியது.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது.

வேதாச்சலம் உள்ளே வந்தார். மருமகனைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, நைருதில தண்ணி ஓடுது?"

அவர் பின்னால் மாமியார் ரத்தினம்மா பெரிய பெட்டியோடு நின்றாள். பெண்ணின் துணிமணிக்காகக் கொண்டுவந்த பெட்டி என்று ஸ்ரீஹரிக்குப் புரிந்தது. வாஸ்து கெட்ட வீட்டில் மகளை இனி ஒரு நிமிஷம் விடுவாரா? சொட்டச் சொட்ட ஸ்டூலிலிருந்து இறங்கினான். பிளேடு இன்னும் கையில் இருந்தது.

"போவாத," என்றான்.

"இன்னாது?" என்றாள் தாட்சாயணி.

"போவாத தாட்சா. ஏசி இல்லன்னா நான் விசிறிக்கினு உக்காந்துகிறேன். நீ இல்லாம இந்த ஊட்ல என்னால முடியாது." மாமனார் பக்கம் திரும்பினான். "மாமா, கூட்டிக்கினு போவாதீங்க."

தாட்சாயணி எழுந்து வந்து, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்துத் தீர்ந்த பிறகும் துடைத்தாள்.

ரத்தினம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஐயே, யாரு கூட்டிக்கினு போறாங்க? அவரு தனியா ஆயிடுவாரு, நான் வரமாட்டேன்னு வளைகாப்பு அன்னிக்கே இவ சொல்லிட்டாளே; அதான் பிரசவம் ஆவற வரைக்கும் நாங்க இங்கயே தங்கலாம்னு வந்துகீறோம், பெட்டிய எங்க வெக்கறது மாப்ள?"