ஃபெமினா அத்தை ஃப்ரீ இல்லை

மதிப்பிற்குரிய தைரியராஜ் பெரியப்பா அவர்களுக்கு,

தென்னூரிலிருந்து தங்கள் தம்பி மகள் ஜென்சி பணிவுடன் (சத்தியமாகப் பணிவுடன்தான்) எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கு யாவரும் சுகம். பெங்களூரில் தாங்களும் சுகம் என்பதைத் தினமும் காலையில் குடும்ப வாட்ஸப் குரூப்பில் தாங்கள் அனுப்பும் ரோஜாப்பூ மூலம் அறிகிறோம். போனில் பேசினால் "அப்பாகிட்ட குடும்மா" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது. "நம்ம ஃபெமினா இப்ப ஃப்ரீதானடா? மருமக ஆபீஸ் போகணும், பேரப்பிள்ளையப் பாத்துக்க அனுப்பி வை" என்றீர்கள். "ஃப்ரீதாண்ணே" என்றார் அப்பா. அத்தை அடுப்படியில் அப்பாவுக்குத்தான் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா, இந்த ஃப்ரீ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ரெண்டு சோப்பு வாங்கினால் ஒரு சோப்பு ஃப்ரீ. தலையைப் பின்னாமல் போனால் ஃப்ரீ ஹேர், அதற்கு ஸ்கூலில் திட்டு. ஃப்ரீ பீரியட் என்றால் கணக்கு மிஸ் வந்து உட்காரும் பீரியட். ஃப்ரீ சைஸ் நைட்டி என்றால் யாருக்குமே சரியாக இல்லாத நைட்டி. தில்லை நகர் டாக்டர் என் தம்பி பிராங்க்ளினிடம், அத்தனை பேஷண்ட் முன்னால், "ஃப்ரீயா போகுதா தம்பி?" என்று கேட்டார்; அவன் "பஸ்லதான் வந்தோம் டாக்டர்" என்றான். இத்தனை அர்த்தத்தையும் ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். அத்தை வேலை பார்த்த நர்சரி ஸ்கூலை மூடியதிலிருந்து நம் வீட்டில் புழங்குகிற அர்த்தம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது இல்லையா, அதனால் வெளிவேலை எல்லாம் அத்தைக்கு என்று ஆகிவிட்டது. "நான் போனா டிக்கெட் எடுக்கணும், உனக்குத்தான் ஃப்ரீயாச்சே" என்பது அப்பாவின் பொருளாதாரம். காந்தி மார்க்கெட்டில் காய், தில்லை நகர் டெய்லரிடம் அம்மாவின் பிளவுஸ், பிராங்க்ளின் மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ், எல்லாம் அத்தைதான். எனக்கும் பஸ் ஃப்ரீதான், ஆனா நான் படிக்கிற பொண்ணு, என்னை யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்ரீரங்கத்தில் அப்பாவோட ஆபீஸ் நண்பர் கால் உடைஞ்சு படுத்திருந்தார், பார்க்கப் போனதும் அத்தை. அவர் "நீங்க யாரும்மா?" என்று கேட்டாராம். "நான்தாங்க ஸ்டீபன்ராஜ்" என்று அப்பா பெயரையே சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தார்களாம்.

அன்றைக்கு நானும் ஒரு வேலை செய்தேன். சோப்புக் கவரில் இருந்த 'ஃப்ரீ' ஸ்டிக்கரை உரித்து, அத்தை செருப்பு மாட்டுகிற நேரம் பார்த்து முதுகில் ஒட்டிவிட்டேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டர், "அம்மா, உங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு எங்களுக்கே தெரியும், இப்படி ஒட்டிக்கிட்டு வரணுமா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அத்தை வீட்டுக்கு வந்து சொன்னபோது நாங்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தார்கள். ஆனால் கொஞ்சம் தாமதமாக, நாங்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில். நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன் பெரியப்பா, அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

ஆகவே, அத்தையைப் பெங்களூருக்கு அனுப்ப முடியாது. அவங்க என்ன பார்சலா, அனுப்பி வைக்க? ஒரு நாளாவது அவங்க சும்மா உக்காந்து டீ குடிக்கட்டும். குழந்தைக்கு வேறு ஆள் பாருங்கள். கோபம் வந்தால் என் மேல் கோபப்படுங்கள், ரோஜாப்பூவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம், அண்ணன் அண்ணிக்கு என் அன்பு, குழந்தைக்கு எச்சில் படாத கன்னத்தில் ஒரு முத்தம். தங்கள் ஜெபத்தில் என்னையும் என் கணக்குப் பேப்பரையும் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள (இந்தக் கடிதம் நீங்கலாக)
ஜென்சி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் பெருமையாக அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்கள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. நான் போகலைன்னு உங்கிட்ட யாருடி சொன்னா?"

"அத்தை, உங்களுக்காகத்தான்..."

"உங்க அப்பனும் என்னைக் கேக்கல, உங்க பெரியப்பாவும் கேக்கல. சரி, நீயாவது கேட்டியா?"

அத்தை அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்து, ரயிலில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து டிக்கெட் போடவும். ஏன் அத்தை, போயே ஆகணுமா என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அங்க ஒரு குழந்தைதாண்டி. இங்க நாலு."