நிற்கக் கூடாத மச்சான்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய சகலை அவர்களுக்கு, உங்களுக்கு முந்தியே இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்து மாட்டிக்கொண்டவன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பித்தேன். படித்துப் பார்த்ததில் முதல் சொல்லிலேயே பொருட்பிழை இருந்தது. அடித்துவிட்டேன். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன், தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குக் கை வராது. நலமறிய ஆவல் என்பது மட்டும் உண்மை. நீங்களும் என் மச்சினியும் பிள்ளைகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள். மச்சான் வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், சௌக்கியத்துக்குக் கேட்பானேன்.

தேர்தல் என்ன ஆயிற்று, வீட்டில் என்ன விசேஷம் என்று இரண்டு தனித்தனிக் கேள்வியாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் சகலை. நம் மச்சான் வார்டு தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்ததே என் வீட்டு ஹாலில், நான் பேப்பர் படிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான். வாழ்நாள் முழுக்க நாற்காலி வாடகைக்கு விட்டவர், உட்காருவதைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் அக்கறையாகத்தான் கேட்டேன், "எதுக்கு மச்சான் இந்த வயசுல வேண்டாத வேலை?" என்று. பதில் சொல்ல என் வீட்டுக்காரிதான் சமையலறையிலிருந்து வந்தாள். "எங்கண்ணன் நாலு பேருக்கு நல்லது பண்ணா உங்களுக்குப் பொறுக்காதே" என்றாள். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நல்லது பண்ண நாற்காலி எதுக்கு?" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போகத் துணிப்பை இரண்டு கட்டிவிட்டாள். "எங்கண்ணன் ஜெயிச்ச பிறகுதான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்றாள். துணி எடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குக்கரை எடுத்தபோதுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து இந்த வார்டில் மச்சான் ஜெயிக்க வேண்டும் என்று என்னைப் போல ஏங்கியவன் ஒருத்தன் கிடையாது. மச்சானே அவ்வளவு ஏங்கியிருக்க மாட்டார். அவருக்குப் போனால் பதவி, எனக்குப் போனால் பெண்டாட்டி.

சின்னம் நாற்காலி. கேட்டு வாங்கினார். கடைக்கு விளம்பரமும் ஆயிற்று, கட்சிக்குச் செலவும் மிச்சம் என்று கணக்கு. கட்சி என்றால் மச்சான், மச்சான் சம்சாரம், என் வீட்டுக்காரி, மைக் கட்டின வண்டிக்காரர், அவ்வளவுதான். எதிர்த்து நின்றது நம் தெரு டியூஷன் டீச்சர். அவர்கள் சின்னம் குடை. வார்டில் பாதிப்பேர் அந்தம்மாவிடம் கொட்டு வாங்கிக் கணக்குப் படித்தவர்கள், பயம் இன்னும் தெளியவில்லை. ஆனாலும் மச்சான் விடவில்லை. வீடு வீடாக மாடி ஏறி இறங்கினார். மூன்றாவது தெரு முடிவதற்குள் வலது முட்டி வீங்கிப் பரங்கிக்காய் ஆகிவிட்டது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். எப்படியாவது நல்ல பெயர் வாங்கி ஒரு ஆளைத் திருப்பி அழைத்துவர வேண்டுமே. டாக்டர் அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "தேய்மானம். இனிமே நிக்கவே கூடாது" என்றார். அதைத்தான் சகலை, அந்த ஒரே ஒரு வாக்கியத்தைத்தான், மறுநாள் காலை சலூனில் வைத்து நான் அப்படியே சொன்னேன்.

முகமெல்லாம் சோப்பு நுரை. முடிவெட்டுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே "மச்சான் எப்படி இருக்காரு சார்?" என்றார். "எங்கேப்பா, டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டாரு. இனிமே நிக்க மாட்டாரு" என்றேன். கத்தி ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பக்கத்து நாற்காலிக்காரரும் பின்னாலேயே போனார், அவருக்குத் தலையில் பாதி முடி வெட்டி, பாதி அப்படியே இருந்தது. அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் முகம் கழுவிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் நாற்காலி போஸ்டர்மேல் குடை போஸ்டர் ஏறிவிட்டது. மைக் வண்டிக்காரர் மைக்கைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்னப்பா?" என்று கேட்டால், "அதான் நிக்கலையாமே சார், வீட்டு ஆளு நீங்களே சொல்லிட்டீங்களே" என்கிறார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினேன். டீக்கடையில் போய், "நிக்கிறாருங்க, எங்க மச்சான் நல்லாவே நிக்கிறாரு" என்றேன். டீ ஆற்றுகிறவர், "ரொம்ப சந்தோஷம் சார், அவசரப்பட்டு நடக்க விட்டுடாதீங்க" என்றார். அங்கிருந்து தையல்காரரிடம் போய், முட்டிதான் சரியில்லை, வேறொன்றுமில்லை என்றேன். "முட்டின்னு கௌரவமாச் சொல்லி விலகிட்டாரு, பெரிய மனுஷன்" என்றார் அவர். தேர்தலைச் சொன்னால் முட்டியை விசாரித்தார்கள், முட்டியைச் சொன்னால் தேர்தலுக்கு அனுதாபப்பட்டார்கள். கடைசியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல், "அவர் போட்டியிடுகிறார்" என்று தூய தமிழில் பால்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏன் சார் நியூஸ் வாசிக்கிறீங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் போன் வந்தது. அவள்தான். குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது, அதுவும் உண்மை.

"சலூன்ல என்ன பேசினீங்க?"

"நான் முட்டியைச் சொன்னேன்மா."

"முட்டின்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா வாயிலேர்ந்து முத்தா கொட்டிடும்? ஊருல உள்ளவன் எழுதுன பிழையெல்லாம் திருத்துனீங்களே, உங்க வாயைத் திருத்த முடிஞ்சுதா?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தேர்தல் முடியும்வரை என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியாகப் பேசிய அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

சந்தேகம் தீர ஒரே வழி, மேடை போட்டு எல்லார் முன்னாலும் நின்று காட்டுவது என்று மச்சான் முடிவு செய்தார். டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "நீங்க பேசினது போதும் மாப்பிள்ளை" என்றார். கூட்டம் வந்தது. மச்சானும் எழுந்து நின்றார். "நான் நிற்கிறேன், கடைசிவரை நிற்பேன்" என்று முழங்கினார். கைதட்டலும் விழுந்தது. அப்புறம்தான் வினை. முட்டி பூட்டிக்கொண்டு உட்கார வரவில்லை. பேச்சு முடிந்த பிறகும் மனிதர் நின்றுகொண்டே இருந்தார். நான் ஒரு பக்கமும் மைக் வண்டிக்காரர் ஒரு பக்கமும் பிடித்து, அவருடைய கடை மடக்கு நாற்காலியை மடக்குகிற மாதிரி மெதுவாக மடக்கி உட்கார வைத்தோம். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "உக்காந்துட்டாருப்பா, வாங்க போகலாம்" என்றான். எழுந்து போய்விட்டார்கள்.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்தில் அதிகாரிகளுக்கும் வயசானவர்களுக்கும் உட்காரப் போட்டிருந்தது மச்சான் கடை நாற்காலிகள். வார்டில் வேறு நாற்காலி ஏது. டீச்சர் தரப்பு ஆள் வந்து பார்த்தார். வாக்குச்சாவடிக்குள் வேட்பாளர் சின்னம் இருக்கலாமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எல்லா நாற்காலியும் வெளியே போயிற்று. கிழவர், கிழவி, கைக்குழந்தைக்காரி என்று அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "யாருப்பா அந்த நாற்காலி? இருந்த நாற்காலியையும் எடுத்துட்டானே" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். எதில் குத்தியிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பெண்கள் வரிசையில் அவள் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தாள். குனிந்து பார்த்தால் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். உள்ளே போய் நாற்காலிப் படத்தின்மேல் அழுத்தமாக முத்திரை குத்தினேன். அப்போது எனக்கு மச்சான் கண்ணில் படவில்லை, குக்கர்தான் தெரிந்தது.

தோற்றுவிட்டார். சொற்ப வித்தியாசம்தான், ஆனாலும் தோல்வி தோல்விதானே. போதாக்குறைக்கு டீச்சர் மாலையும் கழுத்துமாக என் வீட்டு வாசலுக்கே வந்து, "சார் சலூன்ல செஞ்ச உதவிய மறக்கமாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தெருவே பார்த்தது. தெரு பார்த்தால் மச்சான் வீடு பார்த்த மாதிரிதான்.

அலுத்துப்போய்விட்டது சகலை. ரேடியோவைப் போட்டால் தேர்தல், அணைத்தால் ஒரு சத்தமும் இல்லை. அரிசி ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் பல்லை உடைக்கிறது. அவள் குக்கரைத்தான் கொண்டுபோனாள், அதன் கேஸ்கட் இங்கே சமையலறை ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னமோ மாதிரி இருக்கிறது. ஜெயித்தால்தான் வருவேன் என்றவள், தோற்ற பிறகு எந்த வழியாக வருவாள்? நான் போய்க் கூப்பிடலாம் என்றால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? பாருங்கள், அந்த வார்த்தை மறுபடியும் வந்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு உதவி. மச்சினியை விட்டு அக்காவுக்குப் போன் போடச் சொல்லுங்கள். அத்தான் இளைத்துவிட்டார் என்று சொல்லட்டும். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம். எனக்கு வார்டும் வேண்டாம், மச்சானோடு சமாதானமும் அவசரமில்லை. அவள் வந்தால் போதும்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தத் தேர்தலிலும் நிற்காமல், தீர்க்காயுசாக இருக்கட்டும். மச்சினிக்கு என் ஆசி. உங்களுக்கு என் அனுதாபம் கலந்த அன்பு.

இப்படிக்கு,
எதிலும் நிற்காமலேயே தோற்றுப்போன
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் வாசலில் சத்தம் கேட்டது. அவள்தான். கையில் குக்கர். "கேஸ்கட்டை விட்டுட்டுப் போயிட்டேன், எடுக்க வந்தேன்" என்றாள். எடுத்தவள் போகவில்லை, அடுப்பைப் பற்றவைத்தாள். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று "மச்சான் எப்படி இருக்காரு?" என்றேன். "இன்னிக்கு நின்னாரு" என்றாள். "எதுல?" என்றேன். "கால்ல" என்றாள். பிறகு என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் கடிதம் முழுவதையும் படித்தாள். படித்துவிட்டு, "நான் குடைக்குத்தான் போட்டேன்" என்றாள். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. "ஜெயிச்சா அண்ணன் அவர் வீட்டு முன்ரூம ஆபீஸ் ஆக்கிடுவாராம், வர்றவங்களுக்கெல்லாம் நாந்தான் டீ போடணுமாம். அண்ணன் ஜெயிச்சா நான் எப்படி வீட்டுக்கு வர்றது? அது சரி, அவரு வேண்டாம்னு சண்டை போட்ட மனுஷன் நீங்க எதுக்கு நாற்காலிக்குப் போட்டீங்க?" என்றாள். "நீ வரணும்னுதான்" என்றேன். "இன்னிக்கும் மாத்தித்தான் போட்டிருக்கீங்க" என்று கிட்ட வந்து பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். ஆகையால் சகலை, மேலே கேட்ட உதவி வேண்டாம், போனும் வேண்டாம், படித்ததும் கிழித்துவிடுங்கள். மச்சான் காதுக்கு மட்டும் போகவே கூடாது. அவள் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.