'என்னங்க' என்றால் யார்?

சமையலறையிலிருந்து மனைவி "என்னங்க" என்று கூப்பிட்டதும், கூடத்து அலமாரி மேலிருந்து ஓர் ஆண்குரல் "சொல்லுங்க" என்றது.

ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் 'என்னங்க' என்றால் அது அவர் ஒருவர்தான்.

"ஃபேனைப் போடுங்க," என்றாள் மனைவி. ஃபேன் சுற்றியது.

அம்மாவுக்கு மூட்டுவலி, சுவிட்சு சுவிட்சாக நடக்க வேண்டாம் என்று மகன் வாங்கி வந்து, எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிட்டுப் போன டப்பா அது. லைட், ஃபேன், மோட்டார் எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். அதைக் கூப்பிட ஒரு சொல் வேண்டுமாம். அம்மா வாயில் சுலபமாக வருவதையே வைத்துவிட்டான் புண்ணியவான்.

பரிசோதகருக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. டிக்கெட் இல்லாதவன்தான் இவ்வளவு குழைவாகப் பேசுவான் என்பது அவர் அனுபவம்.

"எவ்வளவு மரியாதையா பதில் சொல்லுது பாருங்க. உங்ககிட்டேருந்து ஒரு 'ம்' வாங்கறதுக்குள்ள என் தொண்டை வத்திடும்," என்றாள் மனைவி. அவருக்குச் சுருக்கென்றது.

மகனுக்கு ஃபோன் போட்டு, சொல்லை மாற்றச் சொன்னார். வேறு சொல் தன் வாயில் வராது என்று மனைவி மறுத்துவிட்டாள். சரியென்று டப்பாவைத் துண்டில் சுற்றி, வயரோடு துணி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் பக்கத்து வீட்டம்மாள் வந்திருந்தபோது மனைவி எதற்கோ "என்னங்க" என்றாள். துணி அலமாரிக்குள்ளிருந்து "சொல்லுங்க" என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டம்மாள் நாற்காலியில் இருந்த பரிசோதகரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் கடைக்குப் போனவரைத் தெருவே பரிதாபமாகப் பார்த்தது. டப்பா பழைய இடத்துக்கே திரும்பியது.

இனி ஒரே வழிதான். அது வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்ள வேண்டும். 'என்' என்று காதில் விழுந்ததுமே "சொல்லு" என்று எழுந்து ஓடினார். நாற்காலியை சுவிட்ச் போர்டுக்குக் கீழேயே போட்டுக்கொண்டார். மனைவி குடிக்கத் தண்ணீர் கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தார். "இதை உன் டப்பா கொண்டாருமா?" என்று கேட்டபோது அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவள் மூக்குக்கண்ணாடி கேட்டாள், காயப்போட்ட துணி கேட்டாள், அதையும் கொண்டுவந்தார்.

டப்பா அடங்கிவிட்டது. சந்தேகம்தான் அடங்கவில்லை. எப்போதும் மினுக்கும் நீல விளக்கைக்கூட அணைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்கிறது, தான் கண்ணயரட்டும் என்று காத்திருக்கிறது என்று நினைத்தார். மதியத் தூக்கம் போயிற்று. மனைவிக்கு மூட்டுவலி குறைய, அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

பொறுக்க முடியாமல் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

"இதைக் கழட்டிக்கிட்டுப் போயிடுப்பா. பதுங்கிக்கிட்டிருக்கு. நான் அசந்தா என் இடத்துல வந்து உக்காந்துடும்."

எலக்ட்ரீஷியன் டப்பாவைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். பின்னால் வயரே இல்லை.

"நீங்க முடிவெட்டப் போயிருந்த அன்னைக்கே அம்மா கழட்டச் சொல்லிட்டாங்களே சார். வீட்லயே ஒண்ணு நல்லாப் பழகிடுச்சு, இனிமே இது எதுக்குன்னாங்க."