எட்டுப் பெட்டிகளும் நாலு கிண்ணமும்

இலவசமாகக் கிடைத்த சாமான்களை வைத்துச் சாதனை செய்யக் கிளம்பியவனை யாராலும் தடுக்க முடியாது. தடுத்துப் பார்த்தவள் என் மனைவி ரேணுகா.

பிஜித் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்திருந்த சமயம். நவுசோரியில் ஒரு சின்னக் கல்லூரியில் நான் கணினி வாத்தியார். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானோ, அலுவலகங்கள் கழித்துப்போட்ட எட்டுக் கணினிகளைக் கம்பியால் இணைத்து, ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்ய வைத்திருந்தேன். ஏழைகளின் சூப்பர் கம்ப்யூட்டர்! (அதற்கு 'சூறாவளி' என்று பெயர் வேறு வைத்தேன். வயது அப்படி.)

கல்வி அதிகாரி வந்து பார்த்து அனுமதி தந்தால் அடுத்த ஆண்டு அதை வைத்துப் பாடம். இல்லாவிட்டால் எட்டும் தட்டச்சு வகுப்புக்கு.

ரேணுகா நியூசிலாந்துக் குடியேற்றப் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தாள். "அனுமதி கெடச்சா இத நானே கிழிச்சுப் போடறேன். கெடைக்கலேன்னா நீங்க கையெழுத்துப் போடணும். சரியா?" பா என்ற ஊர்க்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. சரி என்றேன். ஊரை விட்டுப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். ஆறு மணிக்கு ஊரடங்கு. வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வேறு.

"நாலரைக்கு நான் கெளம்பியாகணும், மாஸ்டர்."

"இருபது நிமிஷம் போதும் சார்."

ரேவா ஆற்று வெள்ளம் எவ்வளவு உயரும் என்ற கணக்கை ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் ஏழு பெட்டிகள் முடித்துவிட்டன. எட்டாவது முடிக்கவில்லை. மற்றவற்றைவிட அது நாலு மடங்கு மந்தம். நான்தான் பெரிய தர்மப்பிரபு மாதிரி எட்டுக்கும் சமபங்கு கொடுத்திருந்தேன்! அதன் பங்கு வராமல் விடை வராது.

அவரை உட்கார வைக்க ஒரே வழி, யங்கோனா. அந்த வேர்த்தூளைத் தண்ணீரில் பிசைந்து விருந்தாளிக்குக் கொடுத்தால் மறுப்பது மரியாதையில்லை. கொடுப்பவனும் கூடவே குடிக்க வேண்டும். பதற்றத்தில் கெட்டியாகக் கலந்துவிட்டேன். முறைப்படி கைதட்டினோம், ஒரே மடக்கில் குடித்தோம், மறுபடி கைதட்டினோம். திரை அசையவில்லை.

"இன்னொரு கிண்ணம் சார்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மூன்றாவது கிண்ணம். நான்காவது. அதிகாரி பழகிய ஆள், கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நாலு இருபத்தைந்துக்கு விடை வந்தே விட்டது!

அவர் எழுந்தார். "நல்லது மாஸ்டர். ரெண்டு நிமிஷம் தரேன். இத வச்சுப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பீங்க?"

மூன்று மாதமாக ஒத்திகை பார்த்த கேள்வி. வாயைத் திறந்தேன். கெட்டி யங்கோனாவில் உதடும் நாக்கும் மரத்துக் கட்டையாகக் கிடந்தன.

"ழெ... ழெழ்ழு..."

"என்னது?"

"ழெழ்ழு ழா..."

சாக்பீஸை எடுத்தேன். பலகையில் கோணலாக ஒரு வட்டம் விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒங்களுக்கு ஓய்வு வேணும் மாஸ்டர்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் எட்டும் தட்டச்சு வகுப்புக்குப் போயின.

அன்று மாலையே வீட்டில் ரேணுகா பேனாவை நீட்டினாள். வாதாடலாம் என்றால் வாய் இன்னும் சரியாகவில்லை. அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். அவளும் அழுதாள். (கேட்டால் இல்லவே இல்லை என்பாள்.)

ஆக்லாந்தில் பிஜிக்காரர்கள் கூடினால், ஏன் வந்தோம் என்ற பேச்சு வராமல் இருக்காது. துப்பாக்கி, எரிந்த கடை, தூங்காத இரவு என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். எங்கள் முறை வரும்போது ரேணுகா முந்திக்கொள்வாள்.

"அதுக்கெல்லாம் நாங்க பயப்படவே இல்ல. இவருக்கு ரெண்டு நிமிஷம் பேச்சு வரல, வந்துட்டோம்."