கவனக்காரரின் பன்னிரண்டாவது சாடி

ஒக்டோபர் பிறந்ததும் லண்டனில் முள்ளெலி உறங்கப் போய்விடும், கவனக்காரர் விழித்துக்கொள்வார்.

கவனக்காரரை உங்களுக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. வெயிலிலும் குடையோடு வருவார். நீங்கள் காரில் ஏறிப் பூட்டிய கதவைத் திறந்து இன்னொருமுறை பூட்டுவார். ஆறிப்போன தேத்தண்ணியை நீட்டி "கவனம், சுடும்" என்பார். நீங்கள் விடைபெற்று வாசலைத் தாண்டுவதற்குள் நாலு கவனம், தாண்டியபின் போனில் ஒன்று. தொல்லையா? தொல்லைதான். ஆனால் எல்லாம் அன்பினால் செய்கிறார். அதனால் ஏசவும் முடியாது.

இந்த இனத்தின் மணிமகுடம் டூட்டிங்கில் குடியிருக்கும் ஞானரட்ணம். பதினான்கு குளிர்காலமாக ஒரு கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து உயிரோடு காப்பாற்றியவர். அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக் கறிவேப்பிலை வாடினாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். ஒரு செடியைக் காப்பாற்றியவருக்கு உலகத்துச் செடி எல்லாம் அத்துப்படி ஆகிவிடாதா? அங்கேதான் பிடித்தது சனி.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து சனமெல்லாம் ரோல்ஸ் கடித்துக்கொண்டு நிற்க, இவர் பங்குத்தந்தையின் கையைப் பிடித்தார்.

"ஃபாதர், வாற ஈஸ்ரருக்குக் கடையில பூ எடுக்கவேண்டாம். பீடத்துக்கு என்ர வீட்டில இருந்து ரியூலிப் பூ வரும்."

ஃபாதர் அப்பாவி. அடுத்த கிழமையே அறிவித்துவிட்டார். இனிப் பூ வராவிட்டால் ஈஸ்ரர் அன்று பீடம் மொட்டை, ஞானரட்ணத்துக்குக் கோயில் பக்கம் தலைகாட்ட வழியில்லை.

பன்னிரண்டு பூச்சாடி வாங்கினார். ரியூலிப் கிழங்கு பார்வைக்கு அசல் வெங்காயம். சாடிக்குப் பத்தாகப் புதைத்தார். மனைவி கிளறிற்றா கிழங்கு வந்த பக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தார்.

"இஞ்சேருங்கோ, இதை வெளியில வைக்கட்டாம். குளிர் பட்டாத்தான் பூக்குமாம். தண்ணியும் கனக்க விடவேண்டாமாம்."

"அது வெள்ளைக்காரர் எழுதினது. அவைக்குக் குளிராது."

"கிழங்குக்கும் குளிராதாம்."

"கிழங்கு உம்மட்டை வந்து சொன்னதே?"

கிளறிற்றா பக்கற்றை மடித்து வைத்தார். கட்டில் சுவரில் சாத்தப்பட்டு, கறிவேப்பிலை கொலுவிருக்கும் பின்னறையில் பதினொரு சாடிகள் குடியேறின. பன்னிரண்டாவதற்கு இடமில்லை, விளிம்பும் வெடித்திருந்தது. கிளறிற்றா அதை வெளியே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, தண்ணீர் வடிய இரண்டு செங்கல்லின்மேல் ஏற்றி, அணில் கிண்டாமல் பழைய அடுப்பின் கம்பித் தட்டை மேலே வைத்தார். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார். அவருடைய குளிர்காலப் பராமரிப்பு அத்தோடு முடிந்தது. ஞானரட்ணம் அந்தச் சாடி செத்துவிட்டதாகவே முடிவுகட்டி, அதன் ஆன்மாவுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னார்.

உயிரோடிருந்த பதினொன்றுக்கும் நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் தாகமெடுத்திருக்குமோ என்று சந்தேகத் தண்ணீர். சாடிக்கொரு கம்பளிப் போர்வை. இரவும் பகலும் ஹீற்றர். வெள்ளிக்கிழமை தவறாமல் விரலை விட்டுக் கிழங்கை வெளியே எடுத்து, சுகம் பார்த்து, திரும்பப் புதைத்தல். கிழமைக்கொருமுறை எழுப்பி விசாரித்தால் எந்த உயிருக்குத்தான் பூக்க மனம் வரும்?

வேலையிடத்திலிருந்தும் போன் வரும்.

"அதுகள் என்ன செய்யுதுகள்?"

"இருக்குதுகள்."

"முகம் எப்பிடி?"

பாலன் பிறந்த நத்தாருக்குப் பேர்மிங்காமிலிருந்து கிளறிற்றாவின் தம்பி யோகராஜா வந்தார். சாடிகளுக்கு அறை, மச்சானுக்கு ஹோல் தரை.

"அத்தான், ஒரு போர்வை கிடைக்குமோ?"

"எல்லாம் சாடிக்குக் கட்டியாச்சு. கோட்டைப் போட்டுக்கொண்டு படும்."

தவக்காலம் வந்தது. பதினொரு சாடியிலும் வெளிறிய இலை மட்டும் நீண்டு, களைத்து, சரிந்து கிடந்தது. நாலு சாடி அழுகி, அறை முழுக்கக் கெட்ட வெங்காய மணம். மொட்டு? மருந்துக்கும் இல்லை. "கவனம் போதாமப் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, இன்னொரு போர்வை போர்த்தினார் ஞானரட்ணம்.

பெரிய வியாழனன்று குப்பை போடப்போன கிளறிற்றா அப்படியே நின்றுவிட்டார். பனியில் விறைத்து, மழையில் நனைந்து, ஒருவரும் திரும்பிப் பாராத பன்னிரண்டாவது சாடியில், கம்பித் தட்டைக் கிளப்பிக்கொண்டு பத்துச் சிவப்புப் பூ. புருசனிடம் சொல்லலாமா? சொன்னால் மனிதர் ஓடிவந்து, தூக்கிக்கொண்டு போய் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்துவிடுவார். ஞாயிறுக்குள் பத்தும் பரலோகம் போய்விடும். ஆகவே முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் முதன்முறையாக அந்த மனுசி ஒன்றை மறைத்தார். சாடிக்கு முன்னால் மறுசுழற்சிப் பெட்டியை இழுத்து விட்டார். சனி காலை "கடைக்குப் போறன்" என்று சொல்லி, தள்ளுவண்டிக்குள் சாடியை வைத்துக் கோயிலுக்கு உருட்டிப் போய், "இது அவர் தந்துவிட்டவர், ஃபாதர்" என்று ஒப்படைத்தார்.

ஈஸ்ரர் காலைப் பூசைக்கு ஞானரட்ணம் வெறுங்கையோடு வந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பாவம், அன்று அவர் ஒருவருக்கும் கவனம் சொல்லவில்லை.

பூசை முடிவில் ஃபாதர், "இந்தப் பூக்களைத் தந்த ஞானரட்ணம் அண்ணைக்கு நன்றி" என்றார்.

சனம் திரும்பியது. ஞானரட்ணம் எட்டிப் பார்த்தார். பீடத்தடியில் வெடித்த விளிம்பு. அதற்கு மேலே பத்துப் பூ. தான் செபம் சொல்லி அனுப்பிவைத்த சாடி. மனிதர் அழுதுவிட்டார். கிளறிற்றாவுக்கும் கண் கலங்கியது. ஒரு வழியாக விளங்கிவிட்டது என்று நினைத்தார்.

ஞானரட்ணம் எழுந்து பீடத்துக்கு நடந்தார். கழுத்து மஃப்ளரைக் கழற்றினார். சாடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

"கவனம், ஃபாதர். வாசல் திறந்து கிடக்கு. குளிர் பட்டா இதுகள் தாங்காது."

இப்போது அந்தச் சாடி பின்னறையில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூவெல்லாம் திங்கட்கிழமையே கொட்டிவிட்டது. கேட்பவர்களிடம், "நான் கவனிச்சபடியால் ஒண்டெண்டாலும் தப்பினது" என்கிறார். கிளறிற்றா "ஓம்" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாசிப்பதை நடுவில் விட்டு எழுந்துபோய்க் கறிவேப்பிலை மண்ணில் விரல் வைத்துப் பார்த்தது யார்? குரோய்டனில் ட்ராம் ஏறிவிட்டாயா என்று முப்பது வயது மகனுக்கு மூன்றாவது மெசேஜ் போட்டது யார்? அவன் ஏறிவிட்டான். உங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலும் யாரோ எதையோ உங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து போய்ப் பார்த்துவிடாதீர்கள்.