மகாதேவனுக்கு ஓர் எதிரி தேவை

"உங்களை எதிர்த்து நான் நிக்கறதாங்க? உங்க வீட்டுல சோறு தின்னிருக்கேன் சார்," என்றார் சேனாபதி போனில்.

மகாதேவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அமெரிக்காவின் பிளசன்டன் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் காலையிலிருந்து அவர் கெஞ்சிய ஆட்கள் எல்லாருமே இதைத்தான் சொன்னார்கள். அவருடைய பிரச்சினையே மனைவி காமாக்ஷியின் கைமணம்தான்.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். வருஷா வருஷம் யாராவது எழுந்து, "சாரே இருக்கட்டும்" என்பார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள். அதற்குள் சாம்பார் சாதம் வந்துவிடும். இதற்குப் பெயர்தான் தேர்தல் என்று அவரும் மனதார நம்பியிருந்தார்.

வினை இங்க்ரிட் ரூபத்தில் வந்தது. வெளிநாடுகளில் ஜனநாயகம் வளர உதவுகிற ஓர் ஐரோப்பிய அறக்கட்டளையில் அந்த அம்மாள் அதிகாரி. தேர்தல் பார்வையாளர்களுக்குப் பயிற்சி, ஊர்ச் சங்கங்களுக்கு உதவி என்று நாடு நாடாகச் சுற்றுகிற வேலை. ஒரு சின்ன நாட்டிலிருந்து ஆசிரியைகள், வக்கீல்கள் என ஒரு குழுவை அமெரிக்காவுக்குக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் நாட்டில் இப்போதுதான் முதல்முறையாக ஒழுங்கான தேர்தல் வரப்போகிறது. சாதாரண ஜனங்கள் இங்கே சங்கம் நடத்துவதைப் பார்த்துவிட்டு, தங்களுக்குப் பிடித்த ஒருவரைத் தங்கள் நாட்டுக்கு வந்து பேச அழைப்பார்களாம்.

ஊர் நூலகத்தில் இங்க்ரிட்டைச் சந்தித்து இதைக் கேட்ட மகாதேவன், "எங்கள் சங்கத் தேர்தலை வந்து பாருங்கள், போட்டியில் அனல் பறக்கும்" என்று அளந்துவிட்டார். பொங்கல் விழா மைக்கிலேயே காலம் தள்ளிய மனுஷனுக்கு, வெளிநாட்டு மேடை என்றதும் ஆசை தலைக்கேறிவிட்டது.

"தோத்துப் போறது மட்டும்தான் உங்க வேலை, சேனாபதி. ஜெயிக்கறதை நான் பாத்துக்கறேன்."

"நிச்சயமா தோத்துருவேனுங்களா? எனக்கு ஆபீஸ்ல ஆன்-கால் வேற இருக்குதுங்க, எப்பக் கூப்பிட்டாலும் ஓடணும்."

"கேரண்டி."

பக்கத்தில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள் மானஸா நிமிர்ந்தாள். "அப்பா, யூ கான்ட் ஹயர் யுவர் ஓன் ஆப்பொசிஷன்."

"ஹயர் இல்லடி, ரிக்வெஸ்ட்."

சனிக்கிழமை கம்யூனிட்டி சென்டரில் விருந்தினர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சேனாபதி மைக்கைப் பிடித்தார். "மகாதேவன் சார் மாதிரி ஒரு தங்கமான மனுசனைப் பாக்க முடியாதுங்க. எல்லாரும் அவருக்கே ஓட்டுப் போட்டுருங்க."

காமாக்ஷி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, இங்க்ரிட் புருவத்தை உயர்த்தினார். மகாதேவன் பதறிப்போய்ச் சேனாபதியை ஓரமாக இழுத்தார்.

"என்னய்யா இது? கொஞ்சம் குறை சொல்லுங்க."

"என்ன குறைங்க?"

"ஏதாவது. பொங்கலுக்குச் சாப்பாடு லேட். மைக் புடிச்சா நான் விடறதில்ல. குழந்தைங்க டான்ஸை கட் பண்ணிட்டு நானே பேசினேன். போதுமா?"

சேனாபதி சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர். திரும்பிப் போய் ஒன்று விடாமல் சொன்னார். கைதட்டல் அடங்கவே இல்லை. பின்வரிசையில் ப்ரியம்வதா எழுந்து, அந்த டான்ஸ் தன் பெண்ணுடையது என்றாள். பார்க்கிங் பற்றி ஒருவர் ஆரம்பித்தார், ஸ்பீக்கர் பற்றி இன்னொருவர். இத்தனை வருஷமும் சாம்பார் சாதத்தோடு சேர்த்து விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது.

இனிப் பெருந்தன்மை ஒன்றுதான் வழி என்று மகாதேவன் மைக்கை வாங்கினார். "தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கறது நம்ம பழக்கம் இல்ல. என் ஓட்டு சேனாபதிக்குத்தான்."

இதைக் கேட்டு ஜனம் உருகி, 'ஐயோ, சாரே இருக்கட்டும்' என்று எழும் என்பது அவர் போட்ட கணக்கு. ஜனம் உருகத்தான் செய்தது. தலைவரே கைகாட்டிவிட்டார், அவர் பேச்சைத் தட்டலாமா என்று மொத்த ஹாலும் சேனாபதிக்குப் போட்டது. மகாதேவனுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது சேனாபதியுடையது.

"நீயுமா?" என்றார் காமாக்ஷியிடம்.

"நீங்கதானே சொன்னேள்?"

"கேரண்டின்னு சொன்னீங்களே சார்," என்று சேனாபதி கிட்டத்தட்ட அழுதார்.

பதவியும் போச்சு, பயணமும் போச்சு. மகாதேவனுக்கு அவமானமாகக்கூட இருந்தது. ஆனால் சாப்பாடு வந்து இறங்கிவிட்டது, பரிமாற ஆளில்லை. பழக்கதோஷம், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கரண்டியைப் பிடித்துவிட்டார்.

முதல் தட்டைச் சேனாபதிக்கு நீட்டினார். "சாப்பிடுங்க தலைவரே. ஹால் புக்கிங் எல்லாம் நான் சொல்லித் தரேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

அடுத்து ப்ரியம்வதா வந்தாள். "இந்தத் தடவை உங்க பொண்ணு டான்ஸ்தாம்மா முதல்ல," என்றவர், சட்டென்று நினைவு வந்து, "தலைவர்கிட்ட சொல்றேன்" என்று திருத்திக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் மனசு கொஞ்சம் லேசானது.

வரிசையின் கடைசியில் இங்க்ரிட்டும், அந்த நாட்டுக் குழுவின் மூத்த ஆசிரியையும் தட்டோடு நின்றார்கள்.

"யாரை அழைப்பது என்று இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்," என்றார் இங்க்ரிட்.

மகாதேவன் சேனாபதி பக்கம் கைகாட்டினார். "புதுத் தலைவர் அங்கே இருக்கிறார். நல்ல மனுஷர்."

ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கள் நாட்டில் இதுவரை எந்தத் தலைவரும் தோற்றதே இல்லை, சார், தோற்றவர் என்ன செய்யவேண்டும் என்று வந்து சொல்லித்தர எங்களுக்கு நீங்கள்தான் வேண்டும்," என்றார்.